கண்ணாடித் தொட்டியில் விளக்குப் புழுக்கள்

அந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது மீன் வளர்க்கத்தான். எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்ன துரை மாற்றலாகிக் கீழே போனபோது, பங்களாவில் மின்சார வேலை பார்த்துக் கொடுத்த என் கணவரைக் கூப்பிட்டு, "இத நீயே எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தொட்டி. தொழிலாளர் லயத்திலிருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது. என் கணவர் மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் பஸ்ஸில் போய் ஆறு வண்ண மீன்களைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தார். மலைக் குளிர் அவற்றுக்கு ஆகவில்லை. நான்காம் நாள் காலையில் ஆறும் மல்லாந்து மிதந்தன. அத்தோடு அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று. தண்ணீரைக் கொட்டிவிட்டு, கம்பளி நூல் உருண்டைகளையும் பழைய போர்வையையும் அதில் போட்டு வைத்தோம்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் கீழே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தேயிலை கிள்ளவும், கம்பளிச் சட்டைக்கு மேல் கூடை மாட்டவும் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய அக்கா. அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தாய் தகப்பன் இறந்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். ஒரு காலத்தில் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் அவருக்கு வேலை. ராத்திரியில் இருமிக்கொண்டே படுத்திருப்பார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

கூப்பிடுவேன் என்பதைவிட, முதல் மூன்று மாதம் கூப்பிட்டேன் என்பதுதான் சரி. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. எந்த நாளில் நின்றது, எதனால் நின்றது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. சண்டை போட்டிருந்தால் காரணமாவது இருந்திருக்கும். ஒரு வார்த்தை தடித்துப் பேசிக்கொண்டதில்லை. ஒரே அடுப்பில் நான் சோறு வடிப்பேன், அவர் குழம்பு கொதிக்க வைப்பார். நடுவில் என் கணவர்தான் தபால்காரர்.

"அக்கா, உப்பு எங்கன்னு கேக்கறா."

"மேல் தட்டுல இருக்குன்னு சொல்லு."

நானும் அண்ணியும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்போம். லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன், அது என்ன என்பதுதான் தெரியவில்லை என்று நினைத்து நினைத்துக் குழம்பினேன். ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்ப்பேன். போர்வையைத் தப்பான கொடியில் காயப்போட்டேனா? அவருடைய கோப்பையில் தேநீர் குடித்துவிட்டேனா? ஒன்றும் அகப்படாது.

அப்படியிருக்கும்போதுதான் முதல் புழு கிடைத்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரம். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. குறுக்கு வழியில் இறங்கியபோது வழுக்கி, தண்ணீர் ஓடும் காட்டுக் கானில் ஒரு கால் போய்விட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றிய இடத்துக்குப் பக்கத்தில், பெரணிச் செடிக்கு அடியில், பச்சையாக இரண்டு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. யாரோ கைக்கடிகாரத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இருட்டில் முள் மின்னும் கடிகாரம் ஒன்று கங்காணி கையில் பார்த்திருக்கிறேன். எடுக்கப் போனால் கடிகாரம் நகர்ந்தது.

என் நடுவிரல் நீளமிருக்கும். முதுகில் கறுப்புத் தகடுகளை அடுக்கிக் கோர்த்தது போல உடம்பு. வால் பக்கம்தான் வெளிச்சம். எனக்குப் புழு என்றாலே அருவருப்பு. தேயிலைச் செடியில் கம்பளிப்பூச்சியைப் பார்த்தாலே கத்துகிறவள். ஆனால் அதை ஒரு இலையால் தள்ளி, காலியான சாப்பாட்டு டப்பாவுக்குள் விட்டு, மூடி போட்டு எடுத்து வந்தேன்.

"புழுவா? வீட்டுக்குள்ளயா?" என்றார் என் கணவர்.

"வெளிச்சம் வருதுங்க. பாருங்க."

"வெளிச்சம் வேணும்னா பல்பு மாட்டித் தர்றேன். இது எதுக்கு?"

ஆனால் தொட்டியிலிருந்த கம்பளி நூலை எடுத்து வைத்தவரும் அவர்தான். அடியில் ஈர மண்ணும் பாசியும் பரப்பி, இரண்டு கல் வைத்து, மேலே கொசுவலைத் துணியைக் கயிற்றால் கட்டினேன். அண்ணி அடுப்படியிலிருந்து ஒரு முறை எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தாரா, சிரித்தாரா, தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

அதற்கு என்ன தின்னக் கொடுப்பது என்பது அடுத்த குழப்பம். புழு என்றால் இலை தின்னும் என்று தேயிலைக் கொழுந்து போட்டேன். தொடவில்லை. முட்டைக்கோஸ், சோறு, வாழைப்பழம், எதையும் தொடவில்லை. வெளிச்சம் நாளுக்கு நாள் மங்குவது போலிருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் போய்க் கேட்டேன்.

"பாம்பு கடிச்சா வா, மருந்து இருக்கு," என்றார். "பூச்சிக்குப் பசிச்சா நான் என்னலா செய்யறது?"

செத்துப்போகும் என்றே முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் மாலை வேலை விட்டு வந்து பார்த்தால், தொட்டிக்குள் ஒரு காலி நத்தை ஓடு கிடக்கிறது. புழு பக்கத்தில் உப்பிப் போய்ப் படுத்திருக்கிறது. அன்று விளக்கை அணைத்ததும் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. நத்தை தின்னும் பூச்சி என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் நத்தை எப்படி உள்ளே வந்தது? துணி கட்டியபடியேதான் இருந்தது. முடிச்சு மட்டும் நான் போட்ட முடிச்சா என்று சந்தேகமாக இருந்தது.

"நீங்க போட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கு வேற வேல இல்ல? நத்தை பொறுக்கிக்கிட்டு இருக்கேனா?"

அடுத்த வாரம் ஒரு புழு இரண்டாயிற்று. நான் ஒன்றுதான் கொண்டு வந்தேன் என்று சாமிமேல் ஆணையாகச் சொல்ல முடியும். ஒன்று அறுந்து இரண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இரண்டும் முழு நீளம். மாதக் கடைசியில் மூன்று. மூன்றாவது கொஞ்சம் சின்னது. நான் எண்ணத் தெரியாதவளா, அல்லது எனக்கு ஏதாவது பிடித்துவிட்டதா என்றுகூடப் பயந்தேன்.

எதிர் வீட்டு அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "இது செத்துப்போன யாரோதான்" என்று சொல்லி ஒரு பொட்டலம் விபூதி கொண்டு வந்து தொட்டியின் நான்கு மூலையிலும் பூசினார்.

"ஒரு ஆத்மாவா இருந்தா ஒன்னுதானே இருக்கணும்? மூணு இருக்கே?" என்றேன்.

அவர் மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "குடும்பமா இருக்கும்" என்றார். மறுநாள் தன் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டி வந்து காட்டினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் யாராவது வந்து, "விளக்குப் புழு பாக்கலாமா?" என்று கேட்பார்கள். நாங்கள் சாக்கைப் போட்டு ஜன்னலை மறைத்து, விளக்கை அணைத்துக் காட்டுவோம். அண்ணி அப்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு காய்கறி வாங்கப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போகக் கிளம்பினேன். பஸ் வரவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஜன்னலில் சாக்கு தொங்கியது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ பேசும் குரல். அண்ணி தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு போர்வையைத் தன் தலைக்கும் தொட்டிக்கும் சேர்த்து மூடியிருந்தார். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் நான்கு நத்தைகள். ஒரு புழு மூன்றானதும் யார் கையால் என்று அப்போதுதான் விளங்கியது.

"நேத்து தின்னது பத்தலயாடா ஒனக்கு? இந்தா, இது பெருசு. அவளுக்குக் கொஞ்சம் வை. நீயே எல்லாத்தையும் முழுங்காத."

எட்டு மாதமாக என்னிடம் ஒரு சொல் பேசாத குரல். அது இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தது, உடனே சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வரும் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சத்தமில்லாமல் பின்வாங்கி, குழாயடி வரைக்கும் நடந்துபோய், வாளியைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு திரும்பி வந்தேன். ஜன்னலில் சாக்கு இல்லை. அண்ணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது முட்டைக்கோஸ் பாத்தியில் மூன்று நத்தை பொறுக்கி, அந்தக் கொட்டாங்கச்சியில் போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் கொட்டாங்கச்சி காலியாக இருந்தது. அடுத்த நாளும் வைத்தேன். அதற்கடுத்த நாள் நான் வைக்கும் முன்பே அதில் இரண்டு நத்தை இருந்தது. இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. நாங்கள் இன்னும் பேசவில்லை. உப்புக்கு இன்னும் என் கணவர்தான் தபால்காரர்.

பிறகு ஒரு காலையில் தொட்டிக்குள் சிறகு முளைத்த கறுப்பு வண்டு ஒன்று இருந்தது. புழு மூன்றில் ஒன்றைக் காணோம். சரி, அதுதான் வண்டாகிவிட்டது, மற்ற இரண்டும் ஆகும் என்று காத்திருந்தேன். வண்டு இரண்டு நாளில் செத்துவிட்டது. காணாமல் போன புழு கல்லுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அப்படியானால் வண்டு எங்கிருந்து வந்தது? அண்ணிக்குத் தெரிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை.

கல்லுக்கு அடியிலிருந்த பெரிய புழு அதற்குப் பிறகு நத்தையைத் தொடவில்லை. உடம்பை வளைத்துச் சுருண்டு கிடந்தது. சாகப்போகிறது என்று நினைத்து ஒரு குச்சியால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். அதன் மடியில் ஊறின ஜவ்வரிசி போல இருபது முப்பது முட்டைகள். இருட்டில் அந்த முட்டைகளும் மங்கலாக மின்னின. புழு வளர்ந்து பூச்சியாகும், பூச்சிதான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். புழுவே எப்படி முட்டையிடும்? குழந்தையே குழந்தை பெற்றது மாதிரி அல்லவா இது?

தாய்ப்புழு முட்டைகளைச் சுற்றியபடியே வாரக்கணக்கில் கிடந்தது. அதன் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அந்த நாட்களில் வேலை விட்டு வந்ததும் நானும் அண்ணியும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்போம். கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்குத் தெரியும். என் கணவர் வாசலில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வெளியே போய்விடுவார்.

லயத்துக்கு மின்சாரம் ஃபேக்டரி ஜெனரேட்டரிலிருந்து வரும். ஒரு நாள் மழையில் ஏதோ பழுதாகி, ஏழு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் விளக்குகள் அணைந்தன. என் கணவரைக் கூப்பிட ஆள் வந்து, அவர் போய்விட்டார். நான் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். எதிரில் சுவரில் ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஜன்னல் திரையில் மூன்று. சாமி படத்துச் சட்டத்தில் ஒன்று. அரிசித் தவலையின் விளிம்பில் ஒன்று. கொசுவலையின் கண்ணைவிடச் சின்னதாகப் பொரித்து, எல்லாம் வெளியே வந்திருந்தன. ஊசி முனை முனையாக, வீடு முழுக்க.

"அசையாத!" என்றது ஒரு குரல். "கால வச்சு மிதிச்சிடாத பிள்ள, தரையிலயும் இருக்கு."

அண்ணி. என்னிடம்தான்.

நெருப்புக் கொளுத்தினால் வெளிச்சத்தில் அவை தெரியாது. அதனால் இருட்டிலேயே ஆளுக்கொரு கோழி இறகை எடுத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பீங்கான் கோப்பையில் தள்ளினோம். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணி, அந்த வண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"வெளியேருந்து வந்து வலையில முட்டிக்கிட்டே இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. நான்தான் தொறந்து உட்டேன். ஆம்பள போல."

"அப்ப அந்தப் புழு பொம்பளையா?"

"எனக்கென்னா தெரியும். உள்ள போனதும் அதுகிட்டத்தான் போச்சு."

எட்டு பத்துப் பொட்டு சேர்ந்திருக்கும். துணிந்து கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணி என்கூடப் பேசாம இருந்தீங்க?"

இறகு நின்றது. "நானா? நீதானே பேசல!"

"நான் கூப்பிட்டேன் அண்ணி. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"எப்ப கூப்பிட்ட? நான்தான் உன்னை ரெண்டு தடவ கூப்பிட்டேன், அடுப்படியில வச்சு. நீ பேசாம வெளிய போயிட்ட. சரி, கீழேருந்து வந்தவ, நம்மள மதிக்கல போலன்னு உட்டுட்டேன்."

"எந்த நாள்?"

"மழ பேஞ்ச நாள்."

அங்கே எந்த நாள் மழை பெய்யவில்லை? அந்தக் கூரைக்குக் கீழே யார் யாரைக் கூப்பிட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று இரண்டு பேரும் மண்டியிட்டபடியே யோசித்தோம். அண்ணி முதலில் சிரித்தார். என்னாலும் அடக்க முடியவில்லை. கோப்பை கவிழ்ந்துவிடப் போகிறதே என்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விளக்கு வந்தபோது என் கணவர் வாசலில் நனைந்துபோய் நின்றார். எங்கள் இருவரையும் பார்த்து, "என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசித் தீர்த்தோம். சமைக்கும்போது, குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும்போது, படுக்கும் வரைக்கும் பேச்சு. எட்டாம் நாள் அண்ணி தன் தம்பியிடம் சொன்னார்: "நான் ரிங்லெட்டுக்குப் போறேன். பூத்தோட்டத்துல வேல சொல்லியிருக்காங்க. தங்க எடமும் இருக்கு."

எனக்கு இடி விழுந்தது போலிருந்தது. தனியாக இருக்கும்போது அழுதுகொண்டே கேட்டேன். "இப்பத்தானே அண்ணி பேச ஆரம்பிச்சோம்?"

"அதனாலதான் இப்ப போறேன்," என்றார். "இந்தத் தூள்ல நெஞ்சு அடைக்குது பிள்ள, ரொம்ப நாளாவே போகணும்னு இருந்தேன். பேசாம இருக்கறப்ப போயிருந்தா, தம்பி பொண்டாட்டி வெரட்டிட்டான்னு லயமே பேசும். உனக்குத்தான் கெட்ட பேரு. இப்ப போனா யாரு என்னா சொல்ல முடியும்?"

அவரை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பிடிக்காத ஒருவர் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்காகவே அந்த வீட்டில் இருந்திருக்கிறார். பிடித்துப்போனதும் கிளம்புகிறார்.

தாய்ப்புழு அதற்குள் செத்துவிட்டிருந்தது. குஞ்சுகளுக்குக் கொடுக்க அவ்வளவு சின்ன நத்தை எங்கே போய்த் தேடுவது? தினமும் நான்கைந்து செத்தன. அண்ணி கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், மிச்சமிருந்தவற்றையும் இரண்டு பெரிய புழுக்களையும் கோப்பையில் எடுத்துக்கொண்டு, காட்டுக் கானுக்குப் போய்ப் பெரணிக்கு அடியில் விட்டோம். இருட்டும் வரைக்கும் நின்றோம். ஒன்றுகூட வெளிச்சம் காட்டவில்லை. பயந்திருக்கும் என்றார் அண்ணி. செத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

மறுநாள் காய்கறி லோரியில் முன்னால் உட்கார்ந்து அவர் போனார். மடியில் ஒரு துணி மூட்டை. கை காட்டினேன். அவர் டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாதம் ஒரு முறை நான் ரிங்லெட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். அவருடைய இருமல் நின்றிருந்தது. ஒரு தடவை, அங்கே வந்து தங்கியிருந்த யாரோ படித்த மனிதர் சொன்னதாக ஒரு செய்தி சொன்னார். அந்த இனத்தில் ஆணுக்கு மட்டும்தான் சிறகாம். பெண் கடைசிவரைக்கும் புழு உருவத்திலேயே இருந்து முட்டையிட்டுச் சாகுமாம்.

"அப்ப அது பெரிய மனுஷியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். அவரு சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

எண்பதுகளின் நடுவில், என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், நானும் தேயிலையை விட்டுவிட்டு அண்ணி வேலை செய்த பூத்தோட்டத்தில் சேர்ந்தேன். அவர் அப்போது பெண்களுக்குத் தலைமையாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நீள நீளமாக வரிசைகள்; எல்லாம் வெள்ளைச் செவ்வந்தி. முதல் நாள் என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, "காம்பு நீளமா உட்டு வெட்டு பிள்ள" என்றார்.

"எவ்வளவு நீளம் அண்ணி?"

பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு முழம் விட்டு வெட்டினேன்.